அறிந்தபின் வரும் கடமை

வேலைக்கு அமர்த்திய ஒருவரைப் பற்றி, அமர்த்தியவர் எந்த அளவுக்கு அறிந்துகொள்ளலாம்? இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. வயலில் இறங்கிய கூலியாட்களைக் கண்காணிக்க வரப்பின்மேல் ஒருவர் குடைபிடித்து நின்ற காலத்திலும் இது இருந்தது. ஆலை வாயிலில் நேரங்குறிக்கும் கடிகாரமும் அட்டையும் வந்த காலத்திலும் இருந்தது. ஆயினும் அக்காலங்களில் கண்காணிப்பின் எல்லைக்கு வெளியே நின்ற தொழில் ஒன்று உண்டு. அது வண்டியோட்டும் தொழில். மாட்டுவண்டியாயினும் லாரியாயினும், ஊர் எல்லையைத் தாண்டியதும் உரிமையாளரின் கண்ணைவிட்டு மறைந்துவிடும். அது திரும்பி வரும்வரை அவருக்கிருந்த துணை, ஓட்டுநர்மேல் கொண்ட நம்பிக்கை ஒன்றே. திரும்பி வந்தபின் கிடைத்த சான்று, ஓட்டுநர் தம் கையால் எழுதிய டிரிப் ஷீட்டும் அவருடைய வாய்ச்சொல்லுமே.

அந்த நிலை நம் கண்முன்னே மாறிவிட்டது. வண்டியில் பொருத்தப்படும் சிறு பெட்டி ஒன்று, அது எந்தச் சாலையில் சென்றது, எந்த வேகத்தில் சென்றது, எங்கே எத்தனை நிமிடம் நின்றது, நின்றபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்பனவற்றையெல்லாம் நொடிக்கணக்கில் குறித்து அனுப்புகிறது. அவை கணினியில் மாதக்கணக்கில் சேமிக்கப்படுகின்றன. ஒரு வண்டியின் முழு வரலாறும் விரல்நுனியில் விரிகிறது. நூறு லாரிகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. ஒரே ஒரு வேனைக் கடனில் வாங்கி ஆள்வைத்து ஓட்டுபவரும், பேருந்துகள் வைத்திருக்கும் நம் பள்ளிகளும், ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் நம் மருத்துவமனைகளும் இவ்வரலாற்றைக் கையில் வைத்திருக்கின்றன.

"ஓட்டுநரை இவ்வாறு கண்காணிப்பது முறையா?" என்பதே பலரும் எழுப்பும் வினா. தேவையான வினாவே. ஆனால் அதற்குப் பின்னால் வேறொரு வினா, கேட்பாரற்று நிற்கிறது. "கண்டபின் நாம் செய்யக் கடமைப்பட்டது யாது?" என்பதே அது. இக்கட்டுரையில் அதையே சற்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கருவி வந்த வழி

ஜி.பி.எஸ். எனப்படும் இம்முறை படைத்துறைக்காகப் பிறந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை 1978இல் ஏவியது. 1983இல் தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்வெளியில் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் சென்ற 269 பேரும் மாண்டனர். அந்தத் துயரத்துக்குப் பின்னரே, இம்முறை நிறைவுற்றதும் உலகத்தார் அனைவரும் பயன்படுத்தலாம் என்று குடியரசுத் தலைவர் ரீகனின் அரசு அறிவித்தது. அதன்பின்னும், பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியம் வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் கிளின்டன் அரசு அத்தடையை நீக்கிய பிறகே, லாரி எந்தச் சாலையில் நிற்கிறது என்பதைச் சாதாரணக் கருவியும் சொல்ல முடிந்தது.

நம் நாட்டில், 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவு செய்யப்படும் பயணிகள் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடங்காட்டும் கருவியும் ஆபத்துக்கால அழைப்புப் பொத்தானும் இருக்கவேண்டும் என மத்திய அரசு விதி செய்தது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. பயணிகளின், சிறப்பாகப் பெண்களின், பாதுகாப்பே அவ்விதியின் நோக்கம். சரக்கு வாகன உரிமையாளர்கள் பலர் தாமாகவே இக்கருவியைப் பொருத்திக்கொண்டனர்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வானத்திலிருக்கும் செயற்கைக்கோள் எந்த வண்டியையும் பார்ப்பதில்லை. அது தன் நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் இடைவிடாது அறிவிக்கிறது, அவ்வளவே. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, வண்டியிலுள்ள கருவியே தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அக்கணக்கைக் கைப்பேசிக் கோபுரங்களின் வழியே அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அதனை யார் பார்ப்பது, எதற்காகப் பார்ப்பது, பார்த்து என்ன செய்வது என்பனவெல்லாம் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். ஆகையால் பொறுப்பும் மனிதர்களுடையதே.

பதிவு தரும் நன்மை

இப்பதிவால் விளையும் நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. நின்றபடியே எஞ்சின் ஓடும் ஒரு நீண்டதூர லாரி மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் டீசலை எரிக்கும் என்பது அமெரிக்க நாட்டுக் கணிப்பு. பழைய பதிவுகளைப் புரட்டினால், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வண்டிகள் வீணே நின்றன என்பது விளங்கும். எந்தத் திசையில் சரக்கேற்றிப் போய் வெறும் வண்டியாய்த் திரும்புகின்றன, எந்தச் சாலை எந்த நேரத்தில் நெரிகிறது என்பனவும் விளங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றிராமல், உண்மையில் ஓடிய தூரத்தைப் பார்த்து எண்ணெய் மாற்றலாம், டயர் மாற்றலாம். விபத்து நேர்ந்தால், இடம் தேடி அலையாமல் உதவி அனுப்பலாம். செய்யாத குற்றத்துக்கு ஆளான ஓட்டுநருக்கும் பதிவு துணைநிற்கும். "வண்டி அன்றிரவு அந்த ஊரிலேயே இல்லை" என்று அது சான்று சொல்லும்.

யு.பி.எஸ். என்னும் அமெரிக்கச் சரக்கு நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், இடப்புறம் திரும்ப வேண்டுமெனில் எதிர்வரும் வண்டிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். எனவே இயன்றவரை இடப்புறத் திருப்பங்களைத் தவிர்த்து வழி வகுப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். பின்னர், வண்டிகளின் பதிவுகளையும் பொதிகளின் விவரங்களையும் சேர்த்து, ஒவ்வொரு நாளுக்கும் வழி வகுக்கும் கணினி முறையொன்றை உருவாக்கி, 2016 வாக்கில் அமெரிக்கா முழுவதும் நடைமுறைப்படுத்தியது. அதனால் ஆண்டுக்கு 10 கோடி மைல் ஓட்டமும் 1 கோடி காலன் எரிபொருளும் மிச்சமாவதாக அது கணக்குக் காட்டியது. எரியாத டீசல் பணத்தைக் காப்பதோடு காற்றையும் காக்கிறது. இது எல்லாருக்கும் பொதுவான நன்மையே.

பதிவு சொல்லாதது

ஆயினும், பதிவு எங்கே, எப்போது, எவ்வளவு என்று சொல்லுமே தவிர, ஏன் என்று ஒருபோதும் சொல்லாது. உளுந்தூர்பேட்டைக்கு அருகே இரவு இரண்டரை மணிக்கு ஒரு லாரி நாற்பது நிமிடம் நின்றது எனப் பதிவு காட்டுகிறது. ஓட்டுநர் டீசலை விற்றிருக்கலாம். டயர் பஞ்சராகி, தனியாளாய் மாற்றிக்கொண்டிருந்திருக்கலாம். முன்னே நேர்ந்த விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வண்டியேற்றியிருக்கலாம். கண் சொருகியதால், தன் உயிரையும் பிறர் உயிரையும் எண்ணி ஓரங்கட்டித் தூங்கியிருக்கலாம். இந்நான்கு செயல்களும் அறத்தின் பார்வையில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் நிற்கின்றன! வரைபடத்திலோ நான்கும் ஒரே சிவப்புப் புள்ளி.

திடீர்ப் பிரேக்கும் அவ்வாறே. குறுக்கே ஓடிய குழந்தையைக் காக்கப் பிரேக் மிதித்தவரும், கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்து பதறி மிதித்தவரும் பதிவில் ஒரே வரிசையில் நிற்பர். மேலும், உயர்ந்த கட்டடங்களின் நடுவே சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதாலும், மேம்பாலத்தின் கீழ் அது மறைக்கப்படுவதாலும் கருவியின் கணக்குப் பிழைபடும். மேம்பாலத்தில் விரைந்த வண்டியை, கீழேயுள்ள சேவைச் சாலையில் விரைந்ததாகக் கணினி எழுதிவிடக் கூடும். கணினி எழுதியதாலேயே அது பொய்யாகாது என்று நம்புவோர் நம்மிடையே பலர் உண்டு.

ஒற்றரின் பயனையும் அதன் எல்லையையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்னரே ஏற்கவேண்டும் என்றார். ஒரே சாட்சியின் சொல்லை அரசனும் முடிவாகக் கொள்ளலாகாது என்பதே அதன் பொருள். தெரிந்து தெளிதல் அதிகாரத்தில், ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்றார். இன்றைய கருவி பேசாத ஒற்றன். அதன் சொல்லைச் சரிபார்க்கும் இரண்டாவது சாட்சி ஓட்டுநரே. அவரைக் கேளாமல் தீர்ப்பெழுதுவது, ஒரு சாட்சியை மட்டும் விசாரித்து வழக்கை முடிப்பதற்கு ஒப்பாகும்.

பிற நாடுகள் கண்ட பாடம்

இக்கேள்வியை நமக்கு முன்னரே சந்தித்த நாடுகள் உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல், கனரக வண்டிகளில் டாக்கோகிராஃப் என்னும் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கும் விதியை இயற்றியது. வண்டியின் வேகத்தையும் ஓடிய நேரத்தையும் வட்டத் தாளில் கீறலாக வரையும் கருவி அது. அளவுக்கு மீறிய நேரம் ஓட்டவைக்கப்படுவதிலிருந்து ஓட்டுநரைக் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் பிரிட்டனின் ஓட்டுநர்கள் அதனை 'கேபினுக்குள் இருக்கும் ஒற்றன்' என்று பழித்தனர். பிரிட்டிஷ் அரசும் அதைக் கட்டாயமாக்கத் தயங்கியது. 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காவலனாக அனுப்பப்பட்ட கருவி ஒற்றனாகத் தோன்றியது ஏன்? தம்மைக் காப்பதற்கென்று சொல்லப்படும் பதிவு தம்மைத் தண்டிப்பதற்கே பயன்படும் என்ற அச்சமே காரணம்.

அமெரிக்காவின் பாடம் இன்னும் கூர்மையானது. அங்கே சரக்கு லாரி ஓட்டுநர், பத்து மணி நேர ஓய்வுக்குப்பின் பணிக்கு வந்ததிலிருந்து 14 மணி நேரத்துக்குள், 11 மணி நேரமே வண்டி ஓட்டலாம் என்பது பொது விதி. முன்னர் இந்நேரக் கணக்கை ஓட்டுநர்களே தாளில் எழுதினர். அதில் எத்தனை கற்பனை கலந்திருந்தது என்பதற்கு, அவர்களே அக்குறிப்பேட்டைச் 'சித்திரக்கதைப் புத்தகம்' என்று கேலியாக அழைத்ததே சான்று. ஆகவே அரசு மின்னணுப் பதிவுக் கருவியைக் கொண்டுவர முனைந்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதற்கான முந்தைய விதியைத் தள்ளிவிட்டது. நிறுவனங்கள் இக்கருவியைக் கொண்டு ஓட்டுநரைத் தொல்லைப்படுத்தாமல் காக்க வழி சொல்லப்படவில்லை என்பது நீதிமன்றம் கண்ட குறை. பின்னர், அத்தகைய தொல்லையைத் தடைசெய்யும் பிரிவையும் சேர்த்தே புதிய விதி இயற்றப்பட்டு, 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

விளைந்தது என்ன? 2021இல் வெளியான பல்கலைக்கழக ஆய்வொன்று இதனை ஆராய்ந்தது. நேர விதியை மீறுவது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. மாறாக, வேக மீறல் முதலிய ஆபத்தான ஓட்டுதல் கூடியிருந்தது. சிறு நிறுவனங்களில் அது மிகுதியாகத் தென்பட்டது. இதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அங்கே ஓட்டுநர் பலருக்கு ஓடிய மைலுக்குத்தான் கூலி. சரக்கேற்றவும் இறக்கவும் கிடங்கு வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்தால், பெரும்பாலும் அதற்குக் கூலி இல்லை, இருந்தாலும் குறைவு. ஆனால் 14 மணி நேரக் கடிகாரம் காத்திருப்பின்போதும் ஓடிக்கொண்டிருக்கும். முன்பு அவர் தாளில் பொய் எழுதி அந்த இழப்பை ஈடுகட்டினார். கருவி வந்தபின் வேகத்தால் ஈடுகட்டினார். ஓட்டுநரை அளக்கக் கருவி வைத்தார்கள். அவரைக் காக்கவைத்த கிடங்கை அளக்க மறந்தார்கள்.

கையில் இருந்த பதிவு, காத்திருந்த நேரத்தையும் தெளிவாகவே காட்டியது என்பதுதான் இதில் வேதனை. ஒரு லாரி கிடங்கு வாசலுக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தது, எத்தனை மணிக்கு வெளியேறியது என்பதை ஜி.பி.எஸ். பதிவைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியது வேறெதுவும் இல்லை. சான்று இருந்தது. அதைப் படிக்க வேண்டிய கண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

மறைவிடம் இருவருக்கும் இல்லை

நம் நாட்டு நிலைக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகவே எடுத்துக்கொள்வோம். நாமக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்ற, பகல் இரண்டு மணிக்கு ஒரு லாரி நுழைகிறது. மூட்டை தூக்குவோர் பற்றாக்குறை. ரசீது எழுதத் தாமதம். இரவு பத்து மணிக்கே வண்டி வெளியேறுகிறது. சென்னையில் பகல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டென்பதால், காலை ஐந்து மணிக்குள் சரக்கு வந்து சேரவேண்டும் என்று வணிகர் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 370 கிலோமீட்டர். ஏழு மணி நேரம். தேநீருக்குக்கூட நிற்காமல் ஓட்டினாலும் மணிக்குச் சராசரி 53 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பாரவண்டிக்கு, ஊர்களையும் சுங்கச்சாவடிகளையும் கடந்து, இச்சராசரி எளிதன்று. மறுநாள் காலை உரிமையாளரின் கைப்பேசியில் எச்சரிக்கைகள் வரிசையாக நிற்கின்றன. அலுவலகம் வகுத்த வேக எல்லையை ஓட்டுநர் இருபது முறை மீறியிருக்கிறார். அவருடைய பேட்டாவில் 500 ரூபாய் பிடிக்கப்படுகிறது.

அநியாயம் எங்கே நடந்தது என்பதை அதே பதிவு சொல்கிறது. ஆலைக்குள் எட்டு மணி நேரம் வண்டி நின்றதை அது காட்டுகிறது. அந்த எட்டு மணி நேரமும் வண்டியையும் சரக்கையும் காத்து, வரிசையில் அடி அடியாய் நகர்த்தி, விழித்திருந்த ஒருவரே மேலும் ஏழு மணி நேரம் இரவில் ஓட்டினார் என்பதும் அதிலிருந்து விளங்கும். பகல் இரண்டு மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை பதினைந்து மணி நேரம்! வேக எச்சரிக்கையைப் படித்த கண், அதே திரையில் இருந்த இக்கணக்கைப் படிக்கவில்லை. படித்திருந்தால், தண்டனைக்குரியது எது என்ற கேள்வியே வேறாகியிருக்கும்.

மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளருக்கென 1961இல் இயற்றப்பட்ட சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை அளவை வகுத்தது; ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணி நேரமேனும் ஓய்வு தரச் சொன்னது. அச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை நேர வரம்பு ஏட்டில் இருந்தும், நெடுஞ்சாலையில் அது பெரும்பாலும் காணப்படாமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அது மீறப்பட்டதை மெய்ப்பிக்க எவராலும் இயலவில்லை. "அவன் எங்கே தூங்கினான், எங்கே நின்றான், எனக்கு எப்படித் தெரியும்?" என்று உரிமையாளர் கேட்டால் அதற்கு மறுமொழி இல்லை.

இன்று மறுமொழி இருக்கிறது. அந்தச் சிறு பெட்டி செய்த மிகப் பெரிய மாற்றம் இதுவே என்பது நம் துணிபு. அது ஓட்டுநரின் மறைவிடத்தை மட்டும் நீக்கவில்லை. உரிமையாளரின் மறைவிடத்தையும் நீக்கிவிட்டது. 'எனக்குத் தெரியாது' என்பதே அந்த மறைவிடம். அறியாமையால் ஒருவரது குற்றம் குறையும் என்று எல்லா அறநெறிகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அறியக்கூடியதை அறியாமல் இருந்துகொள்வது அறியாமையாகாது. அது கண்ணை மூடிக்கொள்வதாகும். வண்டியின் வேகத்தை அறியக் கட்டணம் செலுத்தி, ஓட்டுநரின் களைப்பை மட்டும் அறியாதவராய் இருக்க எவருக்கும் உரிமையில்லை. இரண்டும் ஒரே ஏட்டின் பக்கங்களல்லவா?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. இவர்களுள் எத்தனை பேரின் மரணத்துக்கு முன்னால் தூக்கமற்ற ஒருவரின் சோர்ந்த கண்கள் இருந்தன என்பதை அக்கணக்கு சொல்லாது. நாளை அத்தகைய விபத்து ஒன்று நேர்ந்து, அவ்வண்டியின் ஒரு வாரப் பதிவைப் புரட்டிப் பார்த்தால், நான்கு இரவுகள் அவர் தொடர்ந்து ஓட்டியது தெரியவரலாம். அப்போது கேள்வி ஓட்டுநரைத் தாண்டிச் செல்லும். அந்நான்கு இரவுகளும் யாருடைய திரையில் தெரிந்துகொண்டிருந்தனவோ, அவரையும் அது தேடி வரும்.

எதிர்வாதமும் நியாயமானதே

உரிமையாளர் தரப்பின் நியாயத்தைக் கேளாமல் விடுவது முறையன்று. நம் நாட்டில் லாரி வைத்திருப்போர் எல்லாரும் செல்வர்களல்லர். ஒன்றிரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கி, மாதத் தவணையும் காப்பீடும் சாலை வரியும் சுங்கக் கட்டணமும் கட்டி, மிச்சத்தில் குடும்பம் நடத்துவோர் மிகப் பலர்; நேற்றுவரை ஓட்டுநராய் இருந்தவர்களும் அவர்களுள் உண்டு. டீசல் திருட்டு கட்டுக்கதையன்று. வழியில் வேறு சரக்கேற்றித் தனியே காசு பார்ப்பதும் நடக்கிறது. தன் பொருளைக் காக்க விழையும் ஒருவரைக் கொடுங்கோலர் என்பது அநீதி. நேர்மையாக உழைக்கும் ஓட்டுநருக்கும், ஏமாற்றும் ஓட்டுநர் பிடிபடுவது நன்மையே.

இதனை நாம் முழுவதும் ஏற்கிறோம். ஆனால் திருட்டைத் தடுப்பது ஒரு நோக்கம். ஒருவரின் ஒவ்வொரு நிமிடத்தையும் குற்றமாகப் படிப்பது வேறு பழக்கம். வண்டியை இரவில் தன் வீட்டருகே நிறுத்தும் ஓட்டுநர் வேலை முடிந்தபின் எங்கே போனார் என்று பார்ப்பதற்கும் டீசலுக்கும் தொடர்பில்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான தேவைக்கும், இழப்பிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும், வேலைக்கு அமர்த்தியவர் தனி ஒப்புதலின்றியே விவரங்களைப் பயன்படுத்த இடம் தருகிறது. ஆகவே சட்டம் அனுமதிப்பதையெல்லாம் செய்யலாமா என்பதை மனச்சான்றுதான் தீர்மானிக்கவேண்டும்.

நேர்மையான வழி

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, கருவி இருப்பதும் அது என்னென்ன குறிக்கிறது என்பதும் ஓட்டுநருக்குச் சொல்லப்பட வேண்டும். ஒளித்து வைத்த கருவி கண்டுபிடிக்கப்படும் நாளில், பல ஆண்டுகளின் நம்பிக்கை ஒரே நொடியில் உடையும். இரண்டாவதாக, உரிமையாளர் காணும் அதே பதிவை ஓட்டுநரும் காண இயல வேண்டும். தன்னைப் பற்றிய ஏட்டைத் தானே படிக்கமுடியாத நிலை, எவருக்கும் மதிப்புடைய நிலையன்று.

மூன்றாவதாக, பதிவை வைத்து முதலில் கேட்க வேண்டும்; பிறகே முடிவெடுக்க வேண்டும். 'ஏன் நின்றாய்?' என்பதற்கும் 'என்ன நேர்ந்தது?' என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னது தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கேட்பது. பின்னது அறிந்துகொள்ளக் கேட்பது. நாம் மேலே குறித்த யு.பி.எஸ். நிறுவனத்துக்கும் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான உடன்படிக்கையில், நேர்மைக்கேடு இருந்தாலன்றி ஜி.பி.எஸ். தகவலை மட்டுமே வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாகாது என்ற வரையறை இடம்பெற்றது. எழுத்தில் வராவிட்டாலும், நம் சிறு நிறுவனங்களும் இந்நெறியைப் பின்பற்றத் தடையேதும் இல்லை.

நான்காவதாக, எல்லாவற்றிலும் முதன்மையாக, பதிவை ஏற்பாட்டின் குறையைக் காண்பதற்கென்று முதலில் படிக்க வேண்டும். மனிதரின் குறை அதற்கடுத்தே. ஒரே வழியில் எல்லா ஓட்டுநர்களும் தாமதமாகிறார்கள் என்றால் குறை வழியில் இருக்கிறது. அல்லது நாம் குறித்த நேரத்தில் இருக்கிறது. ஒரே ஆலையில் எல்லா வண்டிகளும் மணிக்கணக்காக நின்றால், அப்பதிவை எடுத்துச்சென்று அந்த ஆலையாரிடம் ஹால்டிங் தொகை கேட்க வேண்டும்; கிடைத்ததில் காத்திருந்தவருக்கும் பங்கு தரவேண்டும். ஒரே ஓட்டுநர் வாரத்தில் ஐந்து இரவுகள் ஓட்டியிருந்தால் ஆறாம் இரவு வேறொருவரை அனுப்ப வேண்டும். டீசல் மிச்சமானால், மிச்சப்படுத்தியவரின் கையிலும் அதில் சிறிது சேர வேண்டும். வண்டிகளை நல்ல முறையில் நடத்துவது என்பது இதுதான். அபராதம் மட்டுமே வசூலிப்பவர் வண்டிகளை நடத்தவில்லை. தம் கோபத்தையே நடத்துகிறார்.

பள்ளிப் பேருந்து வைத்திருக்கும் நம் நிறுவனங்களுக்கு இது இன்னும் பொருந்தும். காலை ஐந்து மணிக்கு வண்டியெடுத்து, மாலை ஏழு மணிக்கு நிறுத்தும் ஓட்டுநரின் நாளும் அப்பதிவில் இருக்கிறது. இருபது நிறுத்தங்களை நாற்பது நிமிடத்தில் முடிக்கச் சொல்லும் அட்டவணையை எழுதியவர் ஒருவர். வேகத்துக்காகக் கண்டிக்கப்படுபவர் வேறொருவர். குழந்தைகளின் உயிர் இவ்விருவருக்கும் நடுவில் இருக்கிறது.

நாமும் அதில் இருக்கிறோம்

இறுதியாக, வண்டியே வைத்திராத நம்மில் பெரும்பாலோரும் விலகி நிற்க இயலாது. இன்று கேட்ட பொருள் நாளையே வாசலுக்கு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் நாம். பொருள் எந்தத் தெருவில் வருகிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருப்பவரும் நாமே. அந்தப் புள்ளி சற்று நேரம் நகராமல் நின்றால் நம் மனத்தில் முதலில் எழுவது எது? அவருக்கு என்ன ஆயிற்றோ என்ற எண்ணமா, ஏன் இன்னும் வரவில்லை என்ற எரிச்சலா? உரிமையாளரின் திரையில் விழும் அவசரம், பல வேளைகளில் நம் கைகளிலிருந்தே புறப்படுகிறது.

பார்க்கும் ஆற்றல் நமக்குப் பெருகிவிட்டது. இனி அது குறையப்போவதில்லை. ஆதலால் கருவியைச் சபிப்பதில் பயனில்லை. ஒருவர் எங்கே இருக்கிறார் என்று அறிய முடிந்த நாம், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் பழகவேண்டும். இன்றிரவு வண்டிகளின் வரைபடத்தைத் திறந்து பார்க்கும் உரிமையாளர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், நாம் வேண்டுவது ஒன்றே. வேகத்தைப் பார்ப்பதற்கு முன், அந்த ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று பாருங்கள். அந்த விடையும் அதே பதிவில் இருக்கிறது. பார்த்தபின், தொலைபேசியை எடுத்து, ஓரங்கட்டிச் சற்றுத் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். சரக்கு இரண்டு மணி நேரம் பிந்தி வந்து சேரும். அவரும் வந்து சேர்வார்.